தானியங்கிக் கோப்புப் பரிமாற்றப் பழுதறிதல்

தானியங்கிக் கோப்புப் பரிமாற்றப் பழுதறிதல் என்பது, ஒரு நிறுவனத்தின் நடுத்தரக் கணினிக்கும் அங்குள்ள தனியாள் கணினி வகை வழங்கிகளுக்கும் இடையே மனிதத் தலையீடின்றி நடைபெறும் கோப்புப் பரிமாற்றத்தில் ஏற்படும் தவறுகளைக் கண்டறிந்து நீக்கும் செயல் ஆகும். ஊதியப் பட்டியல், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் கணக்கு முதலிய தரவுகள் பெரும்பாலும் அலுவலகம் ஓய்ந்த இரவு நேரத்தில் இவ்வாறு அனுப்பப்படுகின்றன. பரிமாற்றம் அடியோடு நின்றுபோனால் மறுநாள் காலையில் அது தெரிந்துவிடும். வெற்றி என்று அறிவிக்கப்பட்ட கோப்பு பாதியாகவோ உருமாறியோ போய்ச் சேர்ந்திருந்தால், தவறு பல நாட்கள் வெளியே தெரிவதில்லை. இவ்விரண்டில் பெருந்தீங்கு விளைப்பது பின்னதே ஆகும்.

பின்னணி

பெருமுகக் கணினிக்கும் தனியாள் கணினிக்கும் இடைப்பட்ட ஆற்றல் உடையது நடுத்தரக் கணினி எனப்படும். ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூன் 21 அன்று அறிவித்த ஏஎஸ்/400 இவ்வகையில் நன்கு அறியப்பட்டதாகும். சிஸ்டம்/36, சிஸ்டம்/38 ஆகிய கணினிகளின் வழியில் வந்த இது, 2000 இல் ஐசீரீஸ் என்றும் 2006 இல் சிஸ்டம் ஐ என்றும் பெயர் மாற்றப்பட்டது. 2008 முதல் இதன் இயக்குதளம் ஐபிஎம் ஐ என்னும் பெயரில் பவர் வகைக் கணினிகளில் இயங்கி வருகிறது. 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறிய ஐபிஎம், 1992 இல் டாட்டா குழுமத்துடன் இணைந்து மீண்டும் இந்தியாவுக்கு வந்தது.

இத்தகைய கணினிகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த தரவுகளை விண்டோஸ், லினக்ஸ் வழங்கிகளில் உள்ள புதிய மென்பொருள்களுக்குக் கொடுக்க வேண்டிய தேவை எழுந்தபோது, கோப்புப் பரிமாற்ற நெறிமுறை (எஃப்டிபி) பெரிதும் கைகொடுத்தது. இந்நெறிமுறையின் முதல் வரையறையை 1971 ஏப்ரல் 16 அன்று வெளியிட்டவர், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அபய் பூசண் ஆவார். 1985 அக்டோபரில் வெளியான திருத்திய வரையறையே பிற்கால மென்பொருள்களுக்கு அடிப்படையாயிற்று.

பரிமாற்றத்தின் படிகள்

ஒரு பரிமாற்றம் கீழ்க்காணும் படிகளைக் கடந்து செல்கிறது. பழுது எந்தப் படியில் உள்ளது என்பதை முதலில் முடிவு செய்தால் தேட வேண்டிய இடம் சுருங்கும்.

1. குறித்த நேரத்தில் பணி தொடங்குதல்
2. இரு கணினிகளுக்கும் இடையே இணைப்பு ஏற்படுதல்
3. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுதல்
4. கோப்பு திறக்கப்படுதல்
5. தரவு மாற்றப்பட்டு அனுப்பப்படுதல்
6. பெறும் கணினியில் வேறொரு நிரல் கோப்பை எடுத்துக்கொள்ளுதல்

இணைப்புப் பழுதுகள்

கோப்புப் பரிமாற்ற நெறிமுறை இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துகிறது. கட்டளைகள் 21 ஆம் துறை வழியாகச் செல்கின்றன. தரவு தனி இணைப்பில் செல்கிறது. முனைப்பு முறையில், வழங்கியே தன் 20 ஆம் துறையிலிருந்து வாங்கிக் கணினியை நோக்கித் தரவு இணைப்பை ஏற்படுத்தும். வெளியிலிருந்து வரும் இவ்விணைப்பைத் தீச்சுவர் தடுத்துவிடலாம். அப்போது கடவுச்சொல் ஏற்கப்படும். அடைவு மாற்றமும் நடக்கும். கோப்பை அனுப்பும்போது மட்டும் பணி அசையாமல் நிற்கும் அல்லது 425 என்னும் விடைக்குறி கிடைக்கும். அமைதி முறையில் இரு இணைப்புகளையும் வாங்கியே தொடங்குவதால், முறையை மாற்றியவுடன் பழுது நீங்கினால் தீச்சுவரே காரணம் என்று அறியலாம்.

விண்டோஸ் பகிர்வு அடைவில் நடுத்தரக் கணினி நேரடியாக எழுதும் அமைப்புகளும் உண்டு. இவற்றில் எஸ்எம்பி என்னும் நெறிமுறை பயன்படுகிறது. இதன் முதற்பதிப்பை இயல்பாக நிறுவும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் 2017 இல் வெளியிட்ட விண்டோஸ் பதிப்புகளில் கைவிட்டது. முதற்பதிப்பை மட்டும் அறிந்த பழைய அமைப்புகள், வழங்கி புதுப்பிக்கப்பட்டவுடன் இயங்காமல் போகும். எனவே, நேற்று வரை இயங்கிய பணி இன்று நின்றால், இடையில் எந்தக் கணினியில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

பயனர் உரிமையும் கோப்புப் பூட்டும்

கடவுச்சொல் காலாவதியாகும்போது, திரைமுன் அமர்ந்திருப்பவர் அதனை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வார். தானியங்கிப் பணியால் அவ்வாறு செய்ய இயலாது. அது பழைய கடவுச்சொல்லையே மீண்டும் மீண்டும் அளிக்க, தவறான முயற்சிகளின் எண்ணிக்கை வரம்பை மீறிப் பயனர் கணக்கே முடக்கப்படலாம். 530 என்னும் விடைக்குறி இதற்கு அடையாளமாகும். 550 என்பது கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும். கோப்பு இல்லாமை, பெயரில் தவறு, உரிமையின்மை ஆகிய மூன்றில் எதனாலும் அது தோன்றலாம். இரவுக் கணக்கு முடிப்புப் பணி தாமதமாகி அதே கோப்பைப் பூட்டி வைத்திருந்தாலும் பரிமாற்றம் தோல்வியுறும். மாத இறுதியில் மட்டும் பழுது ஏற்பட்டால் இவ்வகையான நேர மோதலை ஐயுறலாம்.

குறியேற்றப் பழுதுகள்

ஐபிஎம் 1964 இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளோடு வழக்குக்கு வந்த எப்சிடிக் குறியேற்றத்தை ஏஎஸ்/400 பின்பற்றுகிறது. தனியாள் கணினிகள் ஆஸ்கி வழி வந்த குறியேற்றங்களைப் பின்பற்றுகின்றன. ஆங்கிலப் பேரெழுத்து ஏ, ஆஸ்கியில் 65 என்றும் எப்சிடிக்கில் 193 என்றும் குறிக்கப்படுகிறது. உரை முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் மாற்றப்படும். இருமமுறையில் அனுப்பினால் எதுவும் மாற்றப்படாது. உரைக்கோப்பை இருமமுறையில் அனுப்பினால் மறுமுனையில் பொருளற்ற குறிகளே தெரியும். மேலும் ஏஎஸ்/400 தரவுத்தளக் கோப்பின் பதிவுகள் நிலையான நீளம் உடையவை. அவற்றுக்கிடையே வரிமுடிவுக் குறி இல்லை. ஆகவே முழுக்கோப்பும் ஒரே நீண்ட வரியாக வந்து சேரும். இத்தவறு கண்ணுக்குத் தெரிவது.

கண்ணுக்குத் தெரியாத தவறு எண்களில் நிகழ்கிறது. ஏஎஸ்/400 கணினியில் தொகைகள் பெரும்பாலும் பொதிந்த பதின்ம வடிவில் சேமிக்கப்படுகின்றன. இதில் ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்கள் அடங்கும். கடைசி அரைப் பைட்டு கூட்டல் அல்லது கழித்தல் குறியைத் தாங்கும். 1,400 என்னும் தொகையை மூன்று பைட்டுகளில் எழுதினால், முதலாவது 01 ஆகவும், இரண்டாவது 40 ஆகவும், மூன்றாவது 0 உடன் கூட்டற்குறியாகவும் அமையும். ஆனால் பதினறும முறையில் 40 என்று எழுதப்படும் பைட்டு, எப்சிடிக்கில் வெற்றிடத்தின் குறியீடும் ஆகும். ஆஸ்கியில் வெற்றிடத்தின் குறியீடு பதினறும 20. எனவே இக்கோப்பை உரை முறையில் அனுப்பினால் நடுப் பைட்டு 20 ஆகிவிடும். மற்ற இரண்டும் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கொள்ளப்பட்டு மாறாமல் கடந்து செல்லும். பொதிந்த வடிவத்தைப் படிக்கும் நிரல் மறுமுனையில் இருந்தால், அது 1,200 என்று படிக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஒருவரது ஊதியத்தில் 200 ரூபாய் குறைந்திருக்கும்.

இதனைத் தவிர்க்க, அனுப்புவதற்கு முன்னரே எண்களை எழுத்து வடிவ இலக்கங்களாக மாற்றி, கூட்டல் கழித்தல் குறியைத் தனி இடத்தில் எழுதுதல் வேண்டும்.

தமிழ்த் தரவு

தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்துக்குரிய எப்சிடிக் அட்டவணைகளில் இல்லை. இணை இல்லாத எழுத்து, மாற்றத்தின்போது பதிலீட்டுக் குறியாகிவிடும். ஆஸ்கியில் அதன் எண் 26. பழைய டாஸ் மரபில் இதே குறி கோப்பின் முடிவையும் சுட்டியது. அம்மரபைப் பின்பற்றும் நிரல்கள் இக்குறியைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடுவதால், எஞ்சிய பதிவுகள் விடுபட்டுப் போகும்.

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறியேற்றத்தைக் கையாண்டால் எழுத்து காக்கப்படும். அப்போது நீளம் சிக்கலாகும். கடலூர் மாவட்டம், விருத்தாசலம் வட்டத்தில் உள்ள கருவேப்பிலங்குறிச்சி என்னும் ஊரின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ் இலக்கண முறைப்படி இதில் 11 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 20 குறியீடுகள் ஆகின்றன. யுடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. ஆகவே மொத்தம் 60 பைட்டுகள். ஊர்ப்பெயருக்கு 30 பைட்டுகள் மட்டும் ஒதுக்கிய பழைய பதிவில் இப்பெயர் "கருவேப்பில" என்று நின்றுவிடும். 32 பைட்டுகள் ஒதுக்கியிருந்தால் அடுத்துவரும் ஙகரத்தின் நடுவே வெட்டுப்படும். அதனால் ஏற்படும் முறிந்த பைட்டுத் தொடரைப் பெறும் நிரல் முழுப் பதிவையுமே நிராகரிக்கக்கூடும். ஆங்கில எழுத்தில் எழுதியபோது இதே பெயர் 20 பைட்டுகளுக்குள் அடங்கியதால், தமிழுக்கு மாறும் நாள் வரை இக்குறை வெளிப்படுவதில்லை.

அரைகுறைக் கோப்புகள்

விண்டோஸ் வழங்கியில் இயங்கும் நிரல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடைவைப் பார்த்து, புதிய கோப்பு தென்பட்டவுடன் எடுத்துக்கொள்வது வழக்கம். கோப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டால் முற்பகுதி மட்டுமே கிடைக்கும். கோப்பு சிறியதாக இருந்த காலத்தில் இது நேராது. நிறுவனம் வளர்ந்து கோப்பு பெரிதாகும்போதே தலைகாட்டும். தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுமையாகச் சேர்ந்தபின் உரிய பெயருக்கு மாற்றுவது இதற்கான எளிய தீர்வாகும்.

பொய்யான வெற்றிச் செய்தி

226 என்னும் விடைக்குறி, தரவு இணைப்பு முறையாக மூடப்பட்டது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. உள்ளடக்கம் சரியா என்பதை நெறிமுறை அறியாது. மேலும் ஏஎஸ்/400 இல் எஃப்டிபி கட்டளையைத் தொகுதிப் பணியாக இயக்கும்போது, அதனுள் உள்ள துணைக்கட்டளைகள் தோல்வியுற்றாலும் பணி இயல்பாக முடிந்ததாகவே பதிவாகும். விண்டோஸ் உடன் வரும் எஃப்டிபி கட்டளையும் தோல்வியைத் தன் முடிவுக்குறியில் தெரிவிப்பதில்லை. எனவே கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் செய்து, அதில் உள்ள விடைக்குறிகளை நிரல் ஒன்றின் மூலம் படித்துச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

பழுதறியும் முறை

முதலில், பணி உரிய நேரத்தில் தொடங்கியதா என்பதை இரு கணினிகளின் பதிவேடுகளிலும் பார்க்க வேண்டும். இரு கடிகாரங்களும் வேறுபட்டால் பதிவுகளை ஒப்பிடுவது கடினம். ஆகவே அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, தானியங்கிப் பணிக்குரிய அதே பயனர் கணக்கைக் கொண்டு பரிமாற்றத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும். மேலாளர் உரிமையுள்ள கணக்கில் சோதித்தால் உரிமைக் குறைபாடு மறைந்துவிடும். அதன்பின் ஒரே ஒரு பதிவு கொண்ட சிறு கோப்பை அனுப்பி, இருமுனைகளிலும் அதன் பைட்டுகளைப் பதினறும வடிவில் ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் நன்று. பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் பழுதைத் தீர்த்தது எது என்பது தெரியாமலே போகும்.

தோல்வியுற்ற கோப்பை மீண்டும் அனுப்புவதற்கு முன், முதல் முயற்சியில் சென்ற பதிவுகள் மறுமுனையில் ஏற்கப்பட்டுவிட்டனவா என்று அறிதல் வேண்டும். இல்லையேல் ஒரே ஊதியம் இருமுறை வரவு வைக்கப்படும்.

தடுப்பு முறைகள்

ஒவ்வொரு கோப்பின் இறுதியிலும் பதிவுகளின் எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டுத்தொகையையும் எழுதி அனுப்புவது பழமையான, நம்பகமான முறையாகும். பெறும் நிரல் தானே கூட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே கோப்பை ஏற்கும். மேலே கூறிய 1,400 ரூபாய் எடுத்துக்காட்டில், எழுத்து இலக்கங்களில் எழுதப்பட்ட கூட்டுத்தொகை இருந்திருந்தால் பிழை அப்போதே பிடிபட்டிருக்கும். கோப்புக்கு வரிசை எண் இடுவதன் மூலம் விடுபட்ட கோப்பையும் இருமுறை வந்த கோப்பையும் இனங்காணலாம்.

எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புவதால், மறையீடு செய்யும் எஸ்எஃப்டிபி முறை அதன் இடத்தைப் பெருமளவு பெற்றுள்ளது. இது இயல்பாக 22 ஆம் துறை ஒன்றையே பயன்படுத்துவதால் தீச்சுவர்ச் சிக்கல்கள் குறைகின்றன. ஆயினும் பரவலாக வழங்கும் எஸ்எஃப்டிபி மென்பொருள்கள் கோப்பை உள்ளது உள்ளபடியே அனுப்புகின்றன. எனவே குறியேற்ற மாற்றத்தை அனுப்புவதற்கு முன்போ பெற்ற பின்போ தனியாகச் செய்தல் வேண்டும். நெறிமுறை மாறினாலும், வந்து சேர்ந்த தரவைச் சரிபார்க்கும் தேவை மாறுவதில்லை.