மட்டக்களப்பு வாவியும் மூன்று கண்ணாடித் துண்டுகளும்

மட்டக்களப்பு மக்கள் தம் வாவியின் இரு கரைகளுக்கும் சூட்டியிருக்கும் பெயர்களே படப்பிடிப்பாளனுக்குப் பாதிப் பாடத்தைக் கற்பித்துவிடுகின்றன. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எந்த வேளையில் எத்திசை நோக்கிக் கமராவைத் திருப்ப வேண்டுமென்று இங்கே எவரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. மாலையில் எழுவான்கரையில் போய் நின்றால் போதும். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்பின் அப்பால், வயல்களுக்கும் தென்னைகளுக்கும் பின்னே, சூரியன் தானாகவே வந்து இறங்குவான்.

தொல்லை அதற்குப் பின்னர்தான் ஆரம்பமாகிறது. வானத்துக்கு ஏற்றவாறு ஒளியை அளந்து படம் எடுத்தால் வாவியும் தோணியும் தோணிக்காரரும் கரிக்கட்டையாகிவிடுகின்றனர். தோணிக்கு ஏற்றவாறு எடுத்தாலோ வானம் வெள்ளைக் கடதாசியாகிவிடுகிறது. நமது கண் ஒருங்கே காணும் இரண்டையும் கமரா காண மறுக்கிறது.

இத்தொல்லை புதியதன்று. பிரான்ஸ் தேசத்தில் குஸ்தாவ் லெ கிரே என்பார் 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளைப் படமெடுத்தபோது, வானத்துக்கு ஒரு தட்டும் கடலுக்கு ஒரு தட்டுமாக இரு தட்டுக்களில் பிடித்து, ஒரே கடதாசியில் சேர்த்து அச்சிட்டார். இன்று கணினியில் பலர் செய்யும் ஒட்டுவேலையை அன்றே அவர் செய்துவிட்டார் என்க. பிற்காலத்தில் வந்த உபாயம் இன்னும் எளியது: வில்லையின் முன்னே ஒரு சட்டத்தை மாட்டி, அதன் காடிக்குள் சதுரக் கண்ணாடியையோ பிசின் தகட்டையோ தள்ளிச் செருகுவது. ஷான் கொக்கன் என்ற பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் 1978ஆம் ஆண்டில் ‘கொக்கின்’ என்ற பெயரில் இம்முறையை உலகெங்கும் பரப்பினார். வெவ்வேறு விட்டமுள்ள வில்லைகளுக்கெல்லாம் ஒரே கண்ணாடி. வளையம் மாத்திரம் வேறு. சிக்கனக்காரருக்கு உகந்த ஏற்பாடு.

டிஜிட்டல் கமரா வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. முன்னர் பையில் சுமந்த மஞ்சள், செம்மஞ்சள், நீலக் கண்ணாடிகளை நாமும் அலுமாரியில் பூட்டிவிட்டோம். நிறத்தின் சூட்டையும் குளிர்ச்சியையும் கமராவே சரிசெய்துகொள்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்காகச் சிவப்புக் கண்ணாடியை மாட்டுவதும் இப்போது நட்டமே. டிஜிட்டல் கமராவின் உணரியில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையும் ஒன்று சிவப்பும் ஒன்று நீலமுமாக நிறக்கண்ணாடிகள் முன்னரே பதிக்கப்பட்டிருக்கின்றன. அதன்மேல் இன்னொரு சிவப்பை வைத்தால் நான்கில் மூன்று புள்ளிகள் குருடாகிவிடும். வண்ணத்திற் பிடித்துப் பின்னர் கறுப்பு வெள்ளையாக்குவதே மேல்.

ஆயினும் மூன்றை மட்டும் நாம் விடவில்லை.

முதலாவது, மேற்பாதி கருமையும் கீழ்ப்பாதி தெளிவுமான நீள்சதுரத் தகடு. 0.9 எனக் குறியிட்டதாயின் அதன் கரும்பாதி ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும். வாவிக்கென்றே பிறந்தது போன்ற பொருள் இது. ஏனெனில் மறுகரை கோடு கிழித்தாற்போல நேராகக் கிடக்கிறது. தகட்டை மேலும் கீழும் நகர்த்தி, கரும்பாதியின் விளிம்பை அக்கோட்டில் நிறுத்துவதைக் கமராவின் பின்புறத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். படச்சுருள் காலத்தில் இது பெரும்பாலும் அனுமானமே. ஆனால் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கல்லடி இரும்புப் பாலத்தை இதனூடாக எடுத்து நாம் ஏமாந்தோம். பாலத்தின் மேற்சட்டங்கள் வானத்தோடு சேர்ந்து இருண்டு, கீழ்ப்பகுதி மாத்திரம் வெளிச்சமாக நின்றது. தென்னைக்கும் இதே கதிதான். இன்றைய கமராக்களில் இருண்ட பகுதியைப் பின்னர் கணினியில் ஓரளவு வெளிச்சமாக்கலாம். அத்தகைய காட்சிக்குத் தகட்டைக் கழற்றிவிடுதலே உத்தமம்.

இரண்டாவது போலரைசர். இதன் வேலையைப் பின்னர் எந்தக் கணினியாலும் செய்ய இயலாது. நீரின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. கண்ணாடியைச் சுழற்றி அதனை மறித்துவிட்டால் நீருக்கடியில் உள்ளது தெரியவரும். நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 பாகை சாய்வில் கீழ்நோக்கிப் பார்க்கும்போது பயன் உச்சமாக இருக்கும். காலையில் துறையொன்றில் நின்று இதனைத் திருப்பியபோது, வெறும் வெள்ளித் தகடாயிருந்த நீர் விலகி, அடியிற் கிடந்த பாசியும் சேறும் துலங்கின. மினுக்கத்தில் மறைந்துபோன மீன் படத்தில் பதிவாகவே இல்லை. பதிவாகாததை யார் மீட்பது? அஸ்தமன சூரியனை நேரே நோக்கி எடுக்கும்போது மட்டும் இது வானத்துக்கு அதிகம் உதவாது.

மூன்றாவது, நமக்கு வெட்கத்தைத் தந்தது. 3.0 எனக் குறியிட்ட, ஏறக்குறைய முழுக் கறுப்பான சதுரக் கண்ணாடி. ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். செருகியபின் கமராவுக்கும் கண் தெரியாது. ஆகவே குவியத்தை முன்னரே சரிசெய்து பூட்டிவிட வேண்டும். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடுக்கு இருந்தால் ஒளி கசிந்து படத்தைக் கெடுக்கும். மலிவான கண்ணாடியாயின் படம் முழுவதும் சிவப்பேறும். இத்தனை சிரமமும் எதற்கென்றால், 1/15 செக்கனில் எடுக்கக்கூடிய காட்சியை ஒரு நிமிடத்துக்கும் மேலாக நீட்டி, அலைநீரைப் பட்டுச்சேலைபோல் மழுங்கச் செய்வதற்கே.

ஒரு மாலை அவ்வாறு எடுத்துக்கொண்டிருந்தோம். எதிரே முதியவர் ஒருவர் தோணியில் கம்பு ஊன்றிக் குறுக்கே சென்று, இரண்டு முறை வலை வீசி, நம் பக்கமே கரையொதுங்கினார். இறங்கி வந்து, தம்மைப் பிடித்த படத்தைக் காட்டும்படி கேட்டார். திரையில் வானம் இருந்தது. பால்போல் வாவி இருந்தது. நட்ட கம்புகள்கூட அப்படியே இருந்தன. ஒரு நிமிடமும் அசைந்துகொண்டேயிருந்த அவரும் தோணியும் சுவடின்றிக் கரைந்துபோயிருந்தனர்.

“ஏன் மகன், வெறும் தண்ணியத்தானே புடிச்சிருக்கிறீங்க? நான் எங்க?” என்றார்.

விஞ்ஞானத்தை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது கரையோரத்திலிருந்த தம் வீட்டோடு கலியாணப் படமும் தகப்பனார் படமும் போயினவென்றும், தோணியில் தாம் நிற்கும் படம் ஒன்று பேரப்பிள்ளைகளுக்கு இருந்தால் நல்லதென்று நினைத்தே வந்து கேட்டதாகவும் சொன்னார். நமக்குப் பேச்செழவில்லை. அன்று வெளிச்சமும் போய்விட்டது.

அழகான வாவிப் படங்கள் பலவற்றில் மனிதரே இல்லாதிருப்பதன் காரணம் நமக்கு அப்போதுதான் உறைத்தது. நீரை மழுக்க விரும்புவோர் மழுக்கட்டும். தோணி குறுக்கே வரும்போதாவது அக்கறுப்புக் கண்ணாடியை உருவி எடுத்துவிடலாமே! காடியில் செருகும் முறையின் பெரும் சௌகரியமே அதுவன்றோ? ஒரே இழுப்பில் வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அதே துறைக்குப் போனோம். முதியவர் சலவைச் சட்டை அணிந்து வந்திருந்தார். அதைக் கழற்றி வைத்துவிட்டு வழமைபோல் வரும்படி கெஞ்ச வேண்டியதாயிற்று. கரும்பாதித் தகட்டை மாத்திரம் செருகி, வலை காற்றில் வட்டமாக விரியும் தருணத்தை 1/500 செக்கனில் பிடித்தோம். வானமும் கெடவில்லை, அவர் முகமும் இருளவில்லை. பெரிய அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இந்தா, இந்த இடத்துல வலை கிழிஞ்சிருக்கு. இண்டைக்குத்தான் காணுறன்” என்றார்.