ஆறடி பத்து அங்குல ஆச்சரியம்!

‘மேல கிளைமேட் எப்படி இருக்கு?’, ‘ஃபேன்ல தலை இடிக்கலையா?’... கிளாஸில் உயரமா ஒரு பொண்ணு இருந்தா, இந்த ரெண்டு கேள்வியையும் கேட்காத கடைசி பெஞ்ச் உண்டா பாஸ்? குரூப் போட்டோன்னா பின் வரிசை, செருப்புக் கடைக்குப் போனா ‘லேடீஸ்ல இந்த சைஸ் வராதும்மா’ என்ற பதில்... பாவம், உயரமான பொண்ணுங்க பலரும் கூன் போட்டே நடக்கப் பழகிடறாங்க.

அவங்களுக்கெல்லாம் இந்த வாரம் ஒரு அக்காவை அறிமுகப்படுத்தறோம். பெயர் தர்ஜினி சிவலிங்கம். ஊர், யாழ்ப்பாணம் மாவட்டத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் உள்ள ஈவினை என்ற கிராமம். உயரம்... மூச்சைப் பிடிச்சுக்கோங்க... 208 சென்டிமீட்டர்! அதாவது ஆறடி பத்து அங்குலம். உலகத்திலேயே உயரமான நெட்பால் வீராங்கனை என்று சர்வதேசப் பத்திரிகைகள் எழுதிய பெயர் இது. இலங்கை அணிக்காக ஆடி, ஆசியக் கோப்பையைத் தூக்கிய தமிழ்ப் பெண்!

நெட்பாலா? அது என்ன கேம்?

நம்ம ஊரில் பலருக்கும் இது புதுசு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் நடந்ததைக்கூட நிறைய பேர் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஆனா இலங்கையில் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ரொம்பப் பழக்கமான ஆட்டம். அங்கே தமிழில் ‘வலைப்பந்தாட்டம்’ என்பார்கள்.

பாஸ்கெட்பாலோட தங்கச்சி என்று வெச்சுக்கலாம். 1890-களில் இங்கிலாந்தில் பெண்களுக்காக மாற்றி அமைக்கப்பட்ட ஆட்டம். அணிக்கு 7 பேர். 15 நிமிஷம் வீதம் நாலு கால் பகுதி. பந்தைத் தட்டிக்கிட்டு ஓட முடியாது. கையில் வந்ததும் 3 செகண்டுக்குள் கொடுத்தாகணும். கம்பத்தின் உச்சியில் 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம். பின்னாடி போர்டு கிடையாது! பாஸ்கெட்பால் மாதிரி பலகையில் அடிச்சு உள்ளே விழ வைக்கிற வேலையெல்லாம் நடக்காது. நேரா வளையத்துக்குள் போனாத்தான் கோல். அதுவும் யார் வேணும்னாலும் போட முடியாது. ‘கோல் ஷூட்டர்’, ‘கோல் அட்டாக்’ என்று ரெண்டே பேருக்குத்தான் அந்த உரிமை. அதில் கோல் ஷூட்டர்தான் நம்ம தர்ஜினி அக்கா.

கொஞ்சம் மெக்கானிக்ஸ்!

இன்ஜினீயரிங் படிக்கிற கை சும்மா இருக்குமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். தர்ஜினி கையை மேலே நீட்டினால் எப்படியும் இரண்டரை மீட்டரைத் தாண்டும். வளையத்துக்கு மீதி அரை மீட்டர்தான்! தடுக்க வர்றவங்க குறைந்தபட்சம் 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்கணும் என்பது விதி. ஐந்தரை அடி டிஃபெண்டர் அங்கே நின்னு எம்பிக் குதிச்சாலும், பந்து அவங்க தலைக்கு மேலே ‘டாடா’ காட்டிட்டுப் போயிடும்.

‘அப்போ உயரம் இருந்தா போதும், ஜெயிச்சுடலாம்’னு நினைக்கிறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்.

நெட்பால் மைதானம் மூணு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பந்து எந்தப் பகுதியையும் யார் கையிலும் படாமல் தாண்டக் கூடாது. அதாவது, பின்னாடி இருந்து ஒரே வீச்சில் தர்ஜினி கைக்குப் பந்தைத் தூக்கிப் போட முடியாது. நடுவில் நிற்கிற பொண்ணுங்க ஓடி, வாங்கி, ஏமாத்தி, சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கணும். கோல் ஷூட்டரோ தன் பகுதியை விட்டு வெளியே வரவே முடியாது. பந்து வந்தால் ராணி, வராவிட்டால் ஆடியன்ஸ்! உயரமான ஒருத்தரை நம்பி நிற்கிற அணிக்கு பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கு.

போருக்கு நடுவே வளர்ந்தவர்

தர்ஜினி வளர்ந்த காலத்து யாழ்ப்பாணம் பற்றித் தனியாச் சொல்ல வேண்டியதில்லை. வலிகாமம் பகுதி மக்கள் மொத்தமாக வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தது 1995-ல். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஒரு பெண் படிச்சு, மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் வரை போனதே ஒரு சாதனைதான். அப்புறம் கொழும்பு. அங்கே செலான் வங்கி அணிக்காக ஆட்டம். தேசிய அணியில் இடம். கூட ஆடியவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். மூணு செகண்டுக்குள் பந்து கைமாறணும் என்றால், யார் எங்கே நிற்கிறாங்க என்று பார்க்காமலே தெரியணும். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்திருக்காது.

2009, மலேசியாவில் ஆசிய சாம்பியன்ஷிப். அதே வருஷம் மே மாதம்தான் இலங்கையில் போர் முடிந்திருந்தது. அந்தத் தொடரில் இலங்கை சாம்பியன். கோல்களில் பெரும்பகுதி போட்டது ஈவினைப் பொண்ணு! ஒரு கோப்பையால் போரின் காயம் ஆறிடாதுதான். அப்படிச் சொன்னால் அது சினிமா. ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணின் கைக்குப் பந்தைச் சேர்க்க ஆறு பேர் உயிரைக் கொடுத்து ஓடினார்கள் என்பது நிஜம்.

போனார்... வந்தார்... அடிச்சார்!

நடுவில் சில காலம் தேசிய அணியில் தர்ஜினி இல்லை. 2018-ல் திரும்பி வந்தார். அந்த வருஷம் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது சிங்கப்பூரில். ஃபைனலில் எதிரணியும் அதே சிங்கப்பூர். சொந்த மண், சொந்தக் கூட்டம். ரிசல்ட்? 69-50. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் கோப்பை மறுபடி இலங்கைக்கு! ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ‘சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ்’ கிளப்புக்கும் ஆடினார். நெட்பாலில் ஆஸ்திரேலியா என்றால், கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியா மாதிரி. அங்கே ஆடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

2019-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கோப்பை. தர்ஜினி போட்ட கோல்கள் 300-க்கும் மேல்! ஆனால், மொத்தம் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15-வது இடம். இதுதான் மேலே சொன்ன ட்விஸ்ட். பெரிய அணிகளுக்கு தர்ஜினியைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்து அவர் கைக்கு வருகிற வழியை அடைச்சா போதும். கடைசி இடங்களுக்குப் போராடுகிற அணியில் நின்று இத்தனை கோல் போடுவதற்கு, உயரத்தைவிட பொறுமைதான் அதிகம் வேணும். அதே அணியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எழிலேந்தினி சேதுகாவலரும் ஆடினார் என்பது இன்னொரு சந்தோஷம்.

ஒரே நாள், ரெண்டு கோப்பை

2022 செப்டம்பர் 11. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் கியூவில் நின்று நொந்து போயிருந்த இலங்கைக்கு அன்னைக்கு டபுள் தீபாவளி. துபாயில் கிரிக்கெட் ஆசியக் கோப்பையை ஆண்கள் ஜெயிச்ச அதே நாளில், சிங்கப்பூரில் நெட்பால் ஆசியக் கோப்பையைப் பெண்கள் ஜெயிச்சாங்க. ஃபைனல் ஸ்கோர் 63-53. இலங்கைக்கு அது ஆறாவது ஆசியப் பட்டம். ஊர் திரும்பியதும் ரெண்டு அணிகளும் திறந்த பஸ்ஸில் ஊர்வலம். கிரிக்கெட் ஹீரோக்களுக்குக் கிடைக்கிற கைதட்டல், நெட்பால் பொண்ணுங்களுக்கும் அன்னைக்குக் கிடைச்சது.

2023-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இன்னொரு உலகக் கோப்பை. நாற்பதைத் தாண்டிய வயதில் அங்கேயும் வளையத்துக்குக் கீழே நின்றார் தர்ஜினி. அதுவே அவருடைய கடைசி உலகக் கோப்பை.

இனி இலங்கை அணிக்கு இருக்கிற சவால் பெரிசு. ஆறடி பத்து அங்குலத்தில் இன்னொரு பொண்ணு கிடைப்பது கஷ்டம். ஆனால், ஈவினை மாதிரி கிராமங்களில் வளையக் கம்பம் நட்டு, கோச் போட்டு, பஸ் காசு கொடுத்து பொண்ணுங்களை ஆட விடுவது கஷ்டம் இல்லை. நமக்கும் அதே பாடம்தான். நம்ம காலேஜ் கிரவுண்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எத்தனை பொண்ணுங்க ஆடறாங்க? ‘ஹாஸ்டல் டைம் ஆச்சு, உள்ளே வா’ என்று கூப்பிடுகிற குரலில் எத்தனை கோல் ஷூட்டர்கள் காணாமல் போறாங்க?

கூன் போட்டு நடக்கிற உயரமான ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, அடுத்த தடவை ஃபேன் ஜோக்கை விட்டுட்டு, கையில் ஒரு பந்தைக் கொடுங்க பாஸ்!