விட்டு வந்தோம், விட்டுவிடவில்லை

சில திங்களுக்கு முன் தில்லியில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் அப்போதுதான் ஓர் அலுவலகத்தினின்றும் விலகி, அதிக ஊதியத்தில் வேறோர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அவருடைய எட்டு வயதுப் புதல்வன் என்னை வரவேற்று, "மாமா, அப்பா வேலையைத் தியாகம் செய்துவிட்டார்!" என்றான். அனைவரும் நகைத்தோம். சிறுவனின் முகம் வாடிவிட்டது.

பிழை அவனுடையதன்று. பதவி விலகற் கடிதத்தை இந்தியில் 'தியாகபத்திரம்' என்பர். பள்ளியில் கேட்ட சொல்லை அவன் வீட்டுத் தமிழில் வைத்துப் பேசினான். ஆயின் அச்சொல் தமிழில் வேறு வழி நடந்தது. முன்னாளில் தியாகம் என்பது கொடையைக் குறித்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட விக்கிரம சோழன் 'தியாகசமுத்திரம்' எனப் பட்டம் பெற்றான். கொடைக் கடல் என்பது பொருள். இன்றோ, பிறர்பொருட்டுத் தன் அருமையானதை இழப்பதே தியாகம். ஊதியம் உயர வேலை மாறுவது அதில் அடங்காதன்றோ! நாம் வழங்கும் 'ராஜினாமா'வும் பாரசீகச் சொல்லே. 'இசைவு முறி' என்பது அதன் நேர்ப்பொருள். மராட்டியரும் பதவி விலகலை அச்சொல்லாலேயே குறிப்பர்.

தமிழில் ஒன்றை விட்டு நீங்குதற்குச் சொற்கள் பல. ஒவ்வொன்றும் விடுபவரின் உள்ளத்தைக் காட்டுவது. திருக்குறளின் 3ஆம் அதிகாரம் 'நீத்தார் பெருமை'. அங்கே நீத்தார் என்போர் துறவியர். இன்று 'நீத்தார் கடன்' என்கையில் மறைந்தோர். 35ஆம் அதிகாரம் 'துறவு'. ஆயினும் துறத்தல் காவியுடைக்கே உரியதன்று. பொருள் தேடத் துணையைப் பிரிந்து செல்லும் தலைவனின் செயலையும் சங்க அகப்பாடல்கள் அச்சொல்லால் குறிக்கும். பிழைப்பு நாடி ஊரைப் பிரிந்த நமக்கும் அது பொருந்தும்.

காசி, கயை யாத்திரை சென்ற பாட்டிமார் காய் ஒன்றும் கனி ஒன்றும் 'விட்டு' வருவர். விரும்பியதை விடுவதே அங்கு விரதம். 'கைகழுவுதல்' பொறுப்பை உதறுவது. 'தலைமுழுகுதல்' உறவையே இறந்ததாக எண்ணி அறுப்பது. 'விட்டுக்கொடுத்தல்' இருமுகம் உடையது: தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் பண்பு, தம்பியைப் பிறரிடம் விட்டுக்கொடுத்தால் பழி. ஓர் உருபு மாறினால் அறமே மாறிவிடுகிறது! இந்நுட்பத்தை எந்த அகராதி குழந்தைக்குக் கற்பிக்கும்? வீட்டுப் பேச்சன்றோ கற்பிக்க வேண்டும்?

அச்சிறுவனை அருகழைத்து, "அப்பா வேலையை விட்டுவிட்டார் என்று சொல், கண்ணா" என்றேன். அவன் சற்றே எண்ணி, "நாமும் ஊரை விட்டுவிட்டோமா, மாமா?" என்று கேட்டான்.

அன்பரும் அவர் துணைவியாரும் ஒருவரை ஒருவர் நோக்கினர். நகைப்பு அடங்கியது. "இல்லையப்பா, ஊரை விட்டு வந்தோம், விட்டுவிடவில்லை" என்றேன்.

அன்று நான் கூறிய விடை மெய்யாக வேண்டுமாயின், இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை நம் மக்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இரவு உணவின்போது அரைமணி நேரம் அவர்களோடு தமிழிற் பேசுவோம். பிழைபடப் பேசினால் நகைக்காது திருத்துவோம்.