திரையில் ஒரு தூரிகை – 9: கூடையில் வந்த குந்தவை

இணையத்தில் ‘குந்தவை’ என்று தேடிப் பாருங்கள். ஒரு படையே வரும். 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் வெளியான பிறகு வரையப்பட்ட குந்தவைகள் பலருக்கும் த்ரிஷாவின் சாயல். அவர்களை ஒதுக்கிவிட்டு மற்றவர்களை உற்றுப் பார்த்தால் ஒன்று பிடிபடும். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, ஒடிந்துவிடும்போல இடை, காதைத் தொடப் போகும் கண். வரைந்தவர்கள் கோவையிலும் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். கொண்டைகள் மட்டும் ஒரே வம்சம்.

அந்த வம்சத்தின் மூத்தவர் மணியம். 1950 அக்டோபரில் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அதற்குப் படம் போட்டவர். பின்னால் அதே கதைக்கு வரைந்த ஓவியர்கள் அவரவர் கைவண்ணத்தைச் சேர்த்தார்கள் என்றாலும், தமிழ் வாசகர் மனத்தில் முதலில் விழுந்த அச்சு அவருடையது. நிஜக் குந்தவையின் முகமோ நமக்குத் தெரியவே தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தன் தந்தையின் திருமேனியையும் தாயின் திருமேனியையும் அவர் செய்து கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அவர் முகம் இதுதான் என்று காட்ட ஒரு சிலையும் நம்மிடம் இல்லை. ஆக, நாம் பார்க்கும் எல்லாக் குந்தவையும் யாரோ ஒருவர் கற்பித்தவர்தான்.

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம், மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவி ஒருவர். சென்ற வாரம் லேயர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத் தன் படங்களைக் காட்ட வந்திருந்தார். எல்லாமே செல்போனில், ஐபிஸ் பெயின்டில், விரலால் வரைந்தவை. ஸ்டைலஸ் கிடையாது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநரின் முதுகு, இரண்டு பூனைகள். நடுவே ஒரு குந்தவை. மற்றவற்றையெல்லாம்விடக் கச்சிதமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே கச்சிதம்.

“இந்த போஸ் எங்கேருந்தும்மா எடுத்தே?”

“பின்டரெஸ்ட் சார்.”

“அங்கே யார் போட்டது?”

“அது தெரியல சார். எப்பவோ சேவ் பண்ணி வச்சிருந்தேன்.”

எந்தக் கடல் மீன் என்று கேட்டால் கூடையைக் காட்டுகிற கதைதான். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. இன்று ஒரு படம் மாணவரின் கைக்கு வந்து சேரும் வழி அப்படி. ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார். மூலையில் இருந்த கையெழுத்து வெட்டுப்படுகிறது. இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கோப்புக்குள் பதிவாகியிருந்த தேதி, பெயர் முதலான விவரங்கள் வழியிலேயே கழன்றுவிடுகின்றன. நாலு கை மாறியதும் படம் அநாதை. அநாதைப் படத்துக்கு உரிமை கொண்டாட எவருக்கும் கூச்சம் வருவதில்லை.

எப்படி வரைந்தார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சேமித்த படத்தை அடி லேயரில் வைத்து, ஒபாசிட்டியைக் குறைத்து மங்கலாக்கி, மேலே புது லேயர் போட்டு, கோட்டின் மேல் கோடு. நிறங்களை ஐட்ராப்பரால் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டார். “எல்லாரும் இப்படித்தான் சார் ஆரம்பிக்கிறாங்க” என்றார். உண்மைதான். ட்ரேசிங் பாவமல்ல, விரலுக்கு அது நல்ல பயிற்சி. கண்ணுக்குத்தான் அதில் வேலையே இல்லை. தோளுக்கும் காதுக்கும் எவ்வளவு தூரம், கழுத்து எந்தப் பக்கம் எத்தனை சாய்வு என்பதையெல்லாம் அடியில் இருப்பவர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். அதே படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைந்திருந்தால் தோள் பெருத்திருக்கும், கை குட்டையாகியிருக்கும், மூன்று தடவை அழித்திருப்பார். அந்தத் தப்புகளில்தான் அவருடைய கை எப்படிப்பட்டது என்பது வெளியே தெரியும். ஐட்ராப்பர் விஷயத்தில் எனக்கு இன்னும் கறார். அடுத்தவர் பதினைந்து வருடம் பழகிக் கண்டுபிடித்த ஒரு செம்மண் நிறத்தை ஒரே தொடுதலில் எடுத்துக்கொள்கிறவருக்கு, அது ஏன் அந்தச் செம்மண் என்பது கடைசிவரை தெரியாமல் போகிறது.

பார்த்து வரைவது பழைய பழக்கம்தான். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 1793இல் தொடங்கி இன்றுவரை ஓவியர்கள் ஈசல் போட்டு நின்று பழைய ஓவியங்களை நகலெடுக்கிறார்கள். அதற்கு அனுமதிச் சீட்டு உண்டு, கெடு உண்டு, விதிகளும் உண்டு. நகல் மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. வெளியே எடுத்துப்போகுமுன் லூவரின் முத்திரை விழும். திருட்டைத் தடுக்கும் ஏற்பாடுதான் இது. ஆனாலும் நகலெடுப்பவரை மதிக்கிற ஏற்பாடு. நீ படி, ஆனால் எதைப் பார்த்துப் படித்தாய் என்பது படத்திலேயே தெரியட்டும் என்கிறது.

நம் கோவில்பட்டியிலும் ஒரு வழக்கம் இருந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு, 1940களில் அந்த ஊரில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகி வீட்டுக்கு வீடு தொங்கினார்கள். அந்தத் தெய்வங்களில் ரவிவர்மாவின் அச்சுப்படங்களும் நாடகத் திரையும் போட்டோ ஸ்டூடியோவும் கலந்து கிடக்கும். சொந்தக் கற்பனை என்று அங்கே யாரும் மார்தட்டவில்லை. பல படங்களின் மூலையில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். யார் பட்டறையில் பிறந்த படம், யார் கை பட்டது என்பது அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். கலை வரலாற்றுக்காரர்கள் காலண்டர் ஓவியத்தைக் கீழாகப் பார்த்த காலம் உண்டு. மூலம் சொல்லும் நாணயத்தில் இன்றைய டிஜிட்டல் ஓவியர்கள் பலர் அந்தப் பட்டறையின் வாசலில் நிற்கக்கூட லாயக்கில்லாதவர்கள் என்பது என் கட்சி.

இந்தப் பழக்கம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. 2008 தேர்தல் நேரத்தில் ஷெப்பர்ட் ஃபேரி என்ற ஓவியர் ஒபாமாவின் முகத்தைச் சிவப்பு, நீலம், வெளிர் மஞ்சள் பட்டைகளாகப் பிரித்து, கீழே ‘நம்பிக்கை’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒரு போஸ்டர் செய்தார். அது நாடெங்கும் பரவி, வாஷிங்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் வரை போனது. அதற்கு ஆதாரமான புகைப்படம் எது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. 2009 ஜனவரியில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் துருவித் தேடிக் கண்டுபிடித்தார். 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த ஒரு பத்திரிகையாளர் நிகழ்ச்சியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக மேனி கார்சியா எடுத்த படம். வேடிக்கை என்னவென்றால், போஸ்டரைப் பலமுறை பார்த்திருந்த கார்சியாவுக்கே அது தன் படம் என்று அதுவரை தோன்றவில்லை.

ஃபேரிக்கு இங்கே நியாயமான வாதம் இருந்தது. தலைச்சாய்வும் பார்வையும் புகைப்படத்தினுடையவை என்றாலும், நிறமும் வெட்டும் முழக்கமும் அவருடையவை. ஒரு செய்திப் படத்தை இன்னொன்றாக மாற்றியிருக்கிறேன், இது நியாயமான பயன்பாடு என்று அவர் நீதிமன்றத்தில் வாதிட்டார். ஜெயித்திருக்கவும் கூடும் என்று சொல்லும் சட்ட அறிஞர்கள் உண்டு. அவரைக் கவிழ்த்தது போஸ்டர் அல்ல. தான் பயன்படுத்தியது ஒபாமாவும் ஜார்ஜ் க்ளூனியும் சேர்ந்திருக்கும் வேறொரு படம், அதிலிருந்து வெட்டி எடுத்தேன் என்று சொன்னார். அதற்கேற்பக் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளை அழித்தார். சில ஆவணங்களைப் புதிதாகவே தயாரித்தார். 2009 அக்டோபரில் அது வெளிப்பட்டது. பதிப்புரிமை வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தும் ஆவணங்களை அழித்த குற்றம் விடவில்லை. 2012இல் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. “இந்தப் படத்தைப் பார்த்துச் செய்தேன்” என்ற ஒரு வரியைச் சொல்லக் கூசியதன் விலை.

நம் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. குந்தவையை யாரும் வரையலாம். இன்னொருவர் வரைந்த குந்தவையை அப்படியே எடுத்துத் தன்னுடையது என்று விற்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று: கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் ‘பொன்னியின் செல்வன்’ தொடரின் ஓவியங்களும் பொதுச்சொத்து என்று நினைக்கிறார்கள். எழுத்து வேறு, ஓவியம் வேறு.

மாணவியும் நானும் அந்தப் படத்தின் பூர்வீகத்தைத் தேடினோம். கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டும் படத்தைக் கொடுத்தால் அதே படம் இருக்கும் இடங்களைக் காட்டும். வால்பேப்பர் தளம், புத்தக அட்டை, யூடியூப் வீடியோவின் முகப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. வரைந்தவர் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் மணியத்தின் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்ததும் அவர் சிரித்துவிட்டார். “சார், நான் ட்ரேஸ் பண்ணினது ஏற்கெனவே ஒரு ட்ரேஸு!”

அப்போதுதான் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல வழி கிடைத்தது. மணியம் இன்னொருவரின் குந்தவையைப் பார்த்துக் குந்தவை வரையவில்லை. கோயில் சிற்பத்தைப் பார்த்தார், உடையைப் பார்த்தார், அணிகலனைப் பார்த்தார். அவருடைய படத்தைப் பார்த்து வரைந்தால் அவர் தேர்ந்தெடுத்தது மட்டுமே நமக்குக் கிடைக்கும். அவர் பார்த்ததைப் போய்ப் பார்த்தால் அவர் விட்டுவைத்ததும் கிடைக்கும். சொந்தமாக ஏதாவது செய்ய விரும்புகிறவர் பிடித்த படத்துக்குப் பின்னால் ஒரு படியாவது இறங்கிப் போக வேண்டும்.

மாணவி இறங்கிப் போனது வாஷிங்டனுக்கு, செல்போனிலேயே. அங்குள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் சுமார் 28 லட்சம் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதன் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். செம்பியன் மாதேவியின் சாயலில், தேவி வடிவில் வார்க்கப்பட்டது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். செம்பியன் மாதேவி குந்தவைக்குப் பாட்டி முறை. தாத்தாவின் அண்ணன் மனைவி. குந்தவை தன் கண்ணால் பார்த்த மனுஷி. அந்தச் சிலையில் நாம் பழகிய கொண்டை இல்லை. உயர்ந்து கூம்பிய மகுடம். தோள்கள் வழுக்கி இறங்குகின்றன. இடக்கை நம்ப முடியாத நீளத்துக்குத் தொங்குகிறது. காலண்டர் அழகு என்று எதுவும் கிடையாது. ஆனால் அந்த நிற்பில் ஒரு ராஜாங்கமே இருக்கிறது.

மாணவி அதை ட்ரேஸ் செய்யாமல் பார்த்து வரைந்தார். முதல் முயற்சியில் கை நீளம் பொறுக்காமல் குட்டையாக்கிவிட்டார். பிறகு நீட்டினார். நீட்டியதும் அந்தக் கையை எங்கே வைப்பது என்ற சிக்கல் வந்து, கடைசியில் மாட்டுத்தாவணிப் பெண்களில் ஒருத்தி பையைப் பிடித்திருந்த மாதிரி ஒரு ஓலைச்சுவடிக் கட்டைப் பிடிக்க வைத்தார். தேர்ச்சியான படம் என்று சொல்ல மாட்டேன். முகம் இன்னும் தடுமாறுகிறது. அவருடைய வகுப்புத் தோழர்களுக்கு அது குந்தவை என்றே தெரியவில்லையாம். படத்தின் கீழே சிலையின் பெயரையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் சின்னதாக எழுதியிருந்தார். நான் சொல்லிச் செய்ததல்ல.

இனி ஏ.ஐ. இதுவரை பெயர் உதிர்வதைப் பற்றிப் பேசினோம். ஏ.ஐ. விஷயத்தில் பெயர் உதிராமலேயே கெடுதல் நடக்கிறது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ரட்கோவ்ஸ்கி டிராகன்களும் போர்க்களங்களும் வரைபவர். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டுகளுக்கு வரைந்திருக்கிறார். 2022 ஆகஸ்டில், எழுதிக் கொடுத்தால் படம் போடும் ஏ.ஐ.யான ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானதும் பல்லாயிரம் பேர் தங்கள் கட்டளை வரியில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். சேர்த்தால் படம் பிரமாதமாக வருகிறதாம். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வருகின்றன என்று அவர் நொந்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் வந்த அடுத்த பதிப்பில் அவர் பெயர் முன்புபோல வேலை செய்யவில்லை. பயனர்கள் புகார் செய்தார்கள், அவருடைய பாணி அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி என்பதுபோல. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாகக் கல்யாண போட்டோக்களெல்லாம் கிப்லி படங்களாக மாறியபோது நம் ஊரிலும் அதே குதூகலம்தான்.

“பாணிக்குப் பதிப்புரிமை இல்லைன்னா, இதுல தப்பு என்ன சார்?” என்று மாணவி கேட்டார். மடக்கும் கேள்வி. மணியத்தின் கொண்டையை ஒரு தலைமுறையே எடுத்துக்கொள்ளலாம் என்றால் ரட்கோவ்ஸ்கியின் மேகத்தை எந்திரம் ஏன் எடுக்கக் கூடாது? என் பதில் அரைகுறைதான். மணியத்தை எடுத்துக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் கை வலிக்க வரைந்து எடுத்துக்கொண்டார்கள், எடுக்கும்போதே மாறிப்போனார்கள். அவர்களில் எவரும் மணியத்தின் பிழைப்பைக் கெடுக்கும் வேகத்தில் நாளுக்கு லட்சம் படம் போடவில்லை. இது சட்ட வாதம் ஆகாது என்று அவர் சொன்னார். ஆகாதுதான். அமெரிக்காவில் ஓவியர்கள் 2023 ஜனவரியில் தொடுத்த வழக்கு முதலாகப் பல நீதிமன்றங்கள் இதைத்தான் அலசிக்கொண்டிருக்கின்றன.

இதற்கிடையே கையால் வரைகிறவர்களுக்கு ஒரு புதுத் தலைவலி. நன்றாக வரைந்தாலே ‘இது ஏ.ஐ.யா?’ என்று கேட்கிறார்கள். ப்ரோக்ரியேட், ஐபிஸ் பெயின்ட் இரண்டிலும் படம் உருவாகும் கதையை டைம்லாப்ஸ் வீடியோவாகச் சேமிக்கும் வசதி உண்டு. அதை எப்படி வைத்துக்கொள்வது, லேயர் பிரித்த மூலக் கோப்பை ஏன் யாருக்கும் அனுப்பிவிடக் கூடாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)