தேதியில்லாத தேக்கா படங்கள்: காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

லிட்டில் இந்தியாவின் தெருக்களைக் காட்டும் பழைய குடும்பப் படங்கள் பலவற்றில் தேதி இருக்காது. எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று சொல்லப் பெரியவர்களும் இல்லாமல் போகலாம். அப்போது படத்தில் உள்ள கட்டடங்களே துணை.

முதல் தடயம் சந்தை. 1915ல் கட்டப்பட்ட பழைய தேக்கா சந்தை, இப்போதைய கட்டடத்திற்கு எதிர்ப்புறம் இருந்தது. 1982ல் கடைகள் புதிய கட்டடத்திற்கு இடம் மாறின. அதற்கு முதலில் 'சுஜியாவ் சென்டர்' என்றே பெயர். 2000ல்தான் 'தேக்கா சென்டர்' ஆனது. பழைய பெயர்ப்பலகை தெரிந்தால், படம் அந்த 18 ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்டிருக்கக்கூடும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையம் தெரிந்தால் 2003க்குப் பிந்தியது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் தெரிந்தால் 2015ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ எடுத்த படம்.

அடுத்தது கடைவீடுகளின் முகப்பு. தாழ்வான இரண்டு மாடி, மேலே ஓரிரு சன்னல், அலங்காரம் குறைவு என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அடுத்தடுத்து மூன்று சன்னல்கள், சுண்ணச் சாந்தில் பூவேலை, வண்ண ஓடுகள் இருந்தால் 1900 முதல் 1940 வரை கட்டியவை. நேர்கோடுகளும் எளிய வடிவங்களும் கொண்டவை 1930களில் தொடங்கி வந்தவை.

ஓர் எச்சரிக்கை: முகப்பு சொல்வது கட்டடத்தின் வயதை, படத்தின் வயதை அல்ல. அதற்குக் கார்கள், விளம்பரப் பலகைகள், உடைகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்ணங்களும் ஏமாற்றலாம். கெர்பாவ் ரோட்டில் 1900ல் கட்டப்பட்ட டான் தெங் நியா வீட்டில் இன்று காணும் பல வண்ணங்கள், தொடக்கத்தில் அதற்கு இருந்தவை அல்ல.

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7ஆம் தேதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீடுகளை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. ஆனால், அந்தப் பாதுகாப்பு கட்டடத்துக்குத்தான். உள்ளே நடக்கும் தொழிலுக்கு அல்ல. மசாலா அரைத்த மில்லும், ஐந்தடிப் பாதையில் அமர்ந்த கிளி சோதிடரும் மறைந்த பிறகு, அவர்கள் இருந்ததற்குச் சான்று படம் மட்டுமே.

பொதுச் சேகரிப்புகளில் கட்டடப் படங்களுக்குக் குறைவில்லை. கட்டடக் கலைஞர் லீ கிப் லின் தீவெங்கும் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அவரது குடும்பம் 2009ல் தேசிய நூலக வாரியத்திடம் வழங்கியது. ஆனால், கல்லாவில் அமர்ந்த தாத்தாவும், தமிழ்ப் பெயர்ப்பலகையின் கீழ் புதுத்துணியோடு நின்ற பிள்ளைகளும் இருப்பது வீட்டு ஆல்பங்களில்தான். வீடு மாறும்போது முதலில் குப்பைத் தொட்டிக்குப் போவதும் அவைதான்.

அவற்றைக் காக்க அதிகச் செலவில்லை. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் இடம், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றை எழுதலாம். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியக்கூடும். படத்தை ஸ்கேன் செய்த பிறகும் அசலையும் நெகட்டிவ்வையும் வைத்திருப்பது நல்லது. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், 'பழைய சந்தை இருந்தபோது' என்று எழுதினாலும் பிற்பாடு பார்ப்பவருக்கு உதவும்.