அபின் பெட்டிகளும் ஈட்டுத் தொகையும்

பிறர் பொருளை அழித்தவர் ஈடு செலுத்த வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களில் 'கஸ்பு' பாடத்தில் நாம் ஓதும் பொது விதி. ஆயின், முஸ்லிம் ஒருவரின் மதுவை மற்றொருவர் கொட்டிவிட்டால் ஈடு இல்லை. ஷரீஅத்தின் பார்வையில் அது 'மால் முதகவ்விம்', அதாவது மதிப்புடைய பொருள், அன்று. இஸ்லாமிய ஆட்சியில் வாழும் பிற சமயத்தவரின் மதுவுக்கு ஈடு உண்டு என்பர் ஹனஃபிகள். இல்லை என்பர் ஷாஃபிஈகள். ஆக, ஈடு பற்றிய கேள்வி, 'இப்பொருளுக்கு மதிப்பளிப்பவர் யார்?' என்ற கேள்வியாகிறது. 1839இல் சீனத்தின் காண்டன் நகரில் எழுந்ததும் இக்கேள்வியே.

கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலமிட்ட அபினைத் தனி வணிகர்கள் வாங்கிச் சீனத்துக்குள் கடத்தினர். அங்கோ 1729 முதலே அபினுக்கு எதிரான அரசாணைகள் இருந்தன. பேரரசரின் சிறப்பு ஆணையாளர் லின் ட்செசூ 1839 மார்ச்சில் காண்டன் வந்து, இருப்பிலுள்ள அபின் முழுவதையும் ஒப்படைக்கக் கட்டளையிட்டார். அயல்நாட்டு வணிகர் குடியிருப்பையும் முற்றுகையிட்டார்.

கடத்தல் வணிகர் அடையும் நட்டத்தை அவர்களே ஏற்க வேண்டும் என 1838இலேயே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் எழுதியிருந்தார். ஆனால் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், மார்ச் 27 அன்று அந்த அபினைத் தம் அரசின் பெயரால் தாமே கேட்டுப் பெற்று, அதன் மதிப்புக்கு அரசைப் பொறுப்பாக்கினார். பின்னர் 20,283 பெட்டிகள் சீனரிடம் ஒப்படைக்கப்பட்டன. கடத்தல் சரக்கு இவ்வாறு அரசியின் உடைமையாயிற்று.

ஜூன் 3 முதல் ஹூமெனில் லின் அந்த அபினைக் குழிகளிலிட்டு, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விட்டார். மது விலக்கப்பட்ட நாளில் மதீனாவின் தெருக்களில் மது ஓடிய செய்தி நம் நினைவுக்கு வருகிறது. அங்கே எவரும் ஈடு கேட்கவில்லை.

இங்கோ போர் மூண்டது. 1840 ஏப்ரலில் பிரிட்டிஷ் மக்களவையில் அரசின் சீனக் கொள்கையைக் கண்டித்த தீர்மானம் ஒன்பதே வாக்குகளில் தோற்றது. 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கைப்படி சீனம் செலுத்த வேண்டிய 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலரில் 60 லட்சம் அபினுக்கான ஈடு. கவனிக்க: அந்த அபினை உடன்படிக்கை வணிகச் சரக்கு என்று குறிக்கவில்லை; பிரிட்டிஷாரின் உயிர்களுக்கு மீட்புப் பொருளாகத் தரப்பட்டது என்றே குறித்தது. அபின் வணிகத்தை அனுமதிக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. அவ்வணிகம் சட்டபூர்வமானது 1858இல்தான்.

விலக்கப்பட்ட பொருளை அரசே தன் பெயரில் ஏற்றாலும், அதன் உரிமையாளர் மாறுகிறாரேயன்றி அதன் தன்மை மாறுவதில்லை. அதற்கு விலை பெற்றுத் தந்தது நீதியன்று, பீரங்கியே. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.