உள்ளங்கையில் 1,900 கோடி

ஒரு காலத்தில் ரேடியோவுக்கே பெயராக இருந்த டிரான்சிஸ்டர், இன்று அடுப்பிலும் மின்விசிறியிலும் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கிறது. அதைச் சொந்தமாகச் செய்வதில்தான் இந்தியா பின்தங்கிவிட்டது.

1984 அக்டோபர் 31. தில்லியில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி எட்டியதும், மேற்கு வங்கச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்பிய ராஜீவ் காந்தி, காரில் டிரான்சிஸ்டரை பிபிசிக்குத் திருப்பினார். அகில இந்திய வானொலி மரணத்தை அறிவித்ததோ மாலையில்தான். அரசு வாய் திறக்காத அந்தச் சில மணி நேரங்களில், பிரதமரின் மகனுக்கே செய்தி சொன்னது பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பெட்டி.

அந்தப் பெட்டியை 'டிரான்சிஸ்டர்' என்று அழைத்ததே ஒரு வேடிக்கை. உள்ளே இருந்த உறுப்பின் பெயர் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பிருந்த வால்வு ரேடியோ ஒரு மேஜைப் பொருள். வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத கிராமத்தில் அதற்கு வேலையில்லை. 1960களில் பரவத் தொடங்கிய டிரான்சிஸ்டருக்கோ டார்ச் லைட் பேட்டரி போதும். வரப்பு மேட்டிலும் டீக்கடைப் பெஞ்சிலும் உட்கார்ந்து பாட்டும் கிரிக்கெட் வர்ணனையும் யுத்தச் செய்தியும் கேட்க முடிந்தது அதனால்தான். ரேடியோ வைத்திருக்க தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலம் அது. 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

டிரான்சிஸ்டர் பிறந்தது 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். அதற்காக பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவரும் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். குறைகடத்தியைக் கருவியாக்கும் எண்ணத்துக்கு ஓர் இந்திய முன்னோடியும் உண்டு. ரேடியோ அலையைக் கண்டுணர கலீனா என்ற ஈயத் தாதுவைப் பயன்படுத்திய ஜகதீஷ் சந்திர போஸுக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

டிரான்சிஸ்டர் செய்யும் வேலை எளியது. தண்ணீர்க் குழாயில் திருகை லேசாகத் திருப்பினால் வேகமாகப் பாயும் நீரும் அடங்குகிறதல்லவா? அதேபோல் சிறிய மின்சமிக்ஞை பெரிய மின்னோட்டத்தை அடக்கி ஆள்கிறது. கூட்டிக் குறைத்தால் ரேடியோவில் ஒலி பெருகும். முழுக்கத் திறந்து, முழுக்க மூடினால் ஒன்றும் பூஜ்யமும் கிடைக்கும்; கணிப்பொறியின் கணக்கெல்லாம் அந்த இரண்டில்தான்.

பழைய ரேடியோவில் ஏழெட்டு டிரான்சிஸ்டர்கள் இருந்தால் அதிகம். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300. 2023இல் வெளியான ஐபோன் 15 ப்ரோவின் முதன்மைச் சிப்பில் 1,900 கோடி. ஆனால் போனை மட்டும் பார்த்து வியப்பது பாதிக் கதைதான். மின்வெட்டின்போது கைகொடுக்கும் இன்வெர்ட்டரில், பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்குவது டிரான்சிஸ்டர்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு தடித்த டிரான்சிஸ்டர் விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுகிறது. பாத்திரம் சூடாவது அதன் தயவில். சுமார் 75 வாட் இழுத்த கூரை மின்விசிறி, பிஎல்டிசி ரகத்தில் 30 வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. அங்கும் மோட்டாரை இயக்குவது டிரான்சிஸ்டரே.

இவ்வளவு வேண்டப்பட்ட பொருளை இந்தியா தானே செய்துகொள்ள முயலாமல் இல்லை. பஞ்சாபின் மொகாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிப் தயாரிப்பில் இன்று உலகுக்கே படியளக்கும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் அப்போது பிறக்கக்கூட இல்லை. அது தொடங்கியது 1987இல். 1989 பிப்ரவரி 7 அன்று மொகாலி ஆலையில் பெரும் தீ விபத்து. ஆலை மீண்டும் இயங்க 1997 ஆயிற்று. சிப் உலகில் எட்டு ஆண்டுகள் என்பது பல தலைமுறைகள். பந்தயம் அதற்குள் முடிந்துபோயிருந்தது. 2006இல் ஆலை விண்வெளித் துறையிடம் போய் ஆய்வுக்கூடமாகச் சுருங்கியது.

விலை என்ன என்பது 2021இல் தெரிந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய சிப் தட்டுப்பாட்டில், அந்த செப்டம்பரில் ஹரியானாவிலும் குஜராத்திலும் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதமே நடக்கும் என்று மாருதி அறிவித்தது. இரும்பு இருந்தது, டயர் இருந்தது, ஆள் இருந்தார்கள். நகமளவு சிப் இல்லை. பெங்களூரிலும் ஹைதராபாதிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு சிப் வடிவமைக்கும் பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாட்டுக்கு இந்த நிலை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இங்கே, அடுப்பு வேறெங்கோ.

அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் அமைக்கும் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. சாணந்தில் மைக்ரான் எழுப்பியது சிப்பைப் பொதிந்து சோதிக்கும் ஆலை. அது சிப்பையே வார்க்கும் ஆலை அல்ல. இந்த வித்தியாசம் மேடைப் பேச்சுகளில் பல நேரம் காணாமல் போகிறது.

மொகாலி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அங்கே உருவான 'விக்ரம் 3201' என்ற 32 பிட் சிப் 2025 செப்டம்பரில் பிரதமரிடம் வழங்கப்பட்டது. 180 நானோமீட்டர் ரகம். அதிர்வையும் கடும் வெப்பத்தையும் தாங்குவதே முக்கியமான ராக்கெட்டுக்கு அது போதும். செல்போனுக்குப் போதாது.